பழைய லேத் வாங்குமுன் எதையெல்லாம் அளந்து பார்க்க வேண்டும்?

பொள்ளாச்சி பம்பு பட்டறை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பொள்ளாச்சிக்கு அருகில் மோட்டார் ரீவைண்டிங்கும் பம்பு பழுதும் பார்க்கும் சிறு பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். தென்னந்தோப்புகளில் ஓடும் ஓப்பன்வெல், மோனோபிளாக் பம்புகள்தான் பெரும்பாலும் வேலைக்கு வரும். ஷாஃப்டில் பேரிங் அமரும் இடம் தேய்ந்திருந்தால் வெல்டிங் வைத்து ஏற்றிக் கடைய வேண்டும். ஸ்லீவ், புஷ், கப்ளிங் போன்றவற்றைப் புதிதாகச் செய்து போட வேண்டும். இந்த வேலைகளை இதுவரை வெளியே லேத் பட்டறையில்தான் கொடுத்து வாங்குகிறேன். கோடையில் அங்கே ஒரு ஷாஃப்டுக்காக நாள்கணக்கில் காத்திருக்க நேர்கிறது; தோப்புக்குத் தண்ணீர் பாயாமல் தவிக்கும் விவசாயிக்கு என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. எனவே சொந்தமாக ஒரு லேத் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்திருக்கிறேன். புதிய இயந்திரத்துக்கு இப்போது வசதியில்லை.

கோவையில் இரண்டு பழைய இயந்திரங்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது, பழைய இயந்திர வியாபாரி ஒருவரின் குடோனில் இருக்கும் 6 அடி பெட் (மற்றப் பாகங்கள் அமரும் நீண்ட வார்ப்புத் தளம்) கொண்ட ஆல் கியர் லேத். தயாரிப்பாளர் பெயர்த் தகடு அதில் இல்லை. புதிதாகப் பச்சை பெயிண்ட் அடித்து, பெட்டில் பிறை பிறையாகச் சுரண்டல் தடம் போட்டுப் பளபளப்பாக வைத்திருக்கிறார்கள். முழுவதும் ரீகண்டிஷன் செய்தது என்கிறார்கள். இரண்டாவது, மூடப்பட்ட நூற்பாலை ஒன்றின் மெயின்டனன்ஸ் பட்டறையிலிருந்து வந்த எச்.எம்.டி. நிறுவனத்தின் என்.எச். 22 லேத். பழைய பெயிண்ட், மேலெல்லாம் காய்ந்த எண்ணெயும் பஞ்சுத் தூசியும் படிந்திருக்கின்றன. வேகம் மாற்றும் நெம்புகோல் ஒன்று அசையவே மறுக்கிறது. ஆனாலும் விலையை முதல் இயந்திரத்தைவிட அதிகமாகச் சொல்கிறார்கள்.

நான் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவன், லேத் ஓட்டத் தெரியும். ஆனால் ஒரு லேத்தை எடைபோட்டு வாங்கிய அனுபவம் இல்லை. பார்வைக்கு நன்றாக இருப்பதற்கும் உண்மையில் நன்றாக இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம், எந்தக் குறையைக் கண்டால் திரும்பி வந்துவிட வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

குறிச்சி டர்னர் (மறுமொழி)

வணக்கம் தம்பி. கரண்ட் இணைப்புக் கொடுத்து ஓட்டிக் காட்ட மறுக்கும் இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். ஓடாமல் நிற்கும் லேத்தைப் பார்த்து அதன் ஹெட்ஸ்டாக் (வேலைப்பொருளைச் சுழற்றும் ஸ்பிண்டில் அச்சும் கியர்களும் உள்ள தலைப்பகுதி) எப்படி இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. போகும்போது 0.01 மி.மீ. காட்டும் டயல் கேஜ், மேக்னடிக் பேஸ், 25-50 மைக்ரோமீட்டர், டார்ச் லைட், புதிதாகச் சாணை பிடித்த டூல், 50 மி.மீ. தடிமனில் ஒரு எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ராடு ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள். வியாபாரியிடம் இருக்கும் கேஜை நம்பி அளக்க வேண்டாம்.

உங்கள் வேலையை வைத்துத்தான் இயந்திரத்தை எடைபோட வேண்டும். பம்பு ஷாஃப்டில் நீங்கள் கடையப் போவது பெரும்பாலும் பேரிங் அமரும் இடம். 6306 பேரிங்கை எடுத்துக்கொண்டால் அதன் உள்விட்டம் 30 மி.மீ., அகலம் 19 மி.மீ. அந்த இடத்துக்கு கே6 பொருத்தம் (பேரிங் ஆடாமல் அமர்வதற்கான அளவு வரம்பு) வைத்தால் விட்டம் 30.002-க்கும் 30.015-க்கும் இடையில் வர வேண்டும், அதாவது மொத்தமே 13 மைக்ரான்தான் இடம். இந்த அளவு வருவதற்கு ஸ்பிண்டில் ஆட்டமில்லாமல் சுற்ற வேண்டும். பெட்டில் தேய்மானம் இருந்தால் கைதேர்ந்த டர்னர் அதை அனுசரித்து, இடத்துக்கு இடம் அளந்து, எமரித் தாள் போட்டுச் சமாளித்துவிடுவார், 19 மி.மீ. நீளத்துக்குள் பெட் தேய்மானம் காட்டும் வேறுபாடு மிகச் சிறியது. ஸ்பிண்டில் ஆடினால் அதை யாராலும் சமாளிக்க முடியாது. கடைந்த இடம் உருண்டையாகவே வராது, மேற்பரப்பில் அலை அலையாகத் தடம் விழும், பார்ட்டிங் டூல் வைத்தால் அதிர்ந்து உடையும். ஆகவே உங்கள் பணத்தை ஸ்பிண்டிலுக்குத்தான் கொடுக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சக்கை (ராடைப் பிடிக்கும் தாடைப் பிடிப்பான்) கழற்றச் சொல்லி, ஸ்பிண்டில் மூக்கைத் துணியால் நன்றாகத் துடைத்து, சக் அமரும் வெளிப்பகுதியில் டயல் முள்ளை வைத்துக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல இயந்திரத்தில் முள் 0.01-க்குள் நிற்கும். 0.02 என்றால் யோசியுங்கள். அதற்கு மேல் என்றால் பேரிங் போயிருக்க வேண்டும், அல்லது மூக்கில் அடிபட்டிருக்க வேண்டும். அதே போல உள்ளே இருக்கும் டேப்பரிலும் பாருங்கள். சக் மாட்டிய நிலையில் ராடைப் பிடித்து ரன்அவுட் (சுற்றும்போது வரும் ஆட்டம்) பார்ப்பது தவறான சோதனை. பழைய ட்ரூ சக்கில் (தாடைகள் ஒன்றாக நகரும் சக்) தாடை வாய் விரிந்து, ராடு 0.1 வரை ஆடுவது சகஜம். அது சக்கின் குறை, சக்கை மாற்றினால் சரியாகிவிடும்.

அடுத்து, இரண்டு அடி நீளமுள்ள கனமான ராடை ஸ்பிண்டில் துளைக்குள் பாதியளவு செருகி, டயலை ஸ்பிண்டில் மூக்கின் மேல்பக்கத்தில் வைத்து, ராடை மேல்நோக்கித் தூக்கிப் பாருங்கள். டேப்பர் ரோலர் பேரிங் போட்ட ஹெட்ஸ்டாக்கில் முள் ஏறக்குறைய அசையவே கூடாது, 0.01 வரை பொறுக்கலாம். பழைய கன்மெட்டல் புஷ் வைத்த இயந்திரமாக இருந்தால் எண்ணெய்ப் படலத்துக்கென்று இடைவெளி விட்டிருப்பார்கள், அங்கே 0.03 வரை இருக்கலாம். இதே ராடை முன்னும் பின்னும் தள்ளி இழுத்து, நீளவாக்கில் ஆட்டம் உண்டா என்றும் பார்த்துவிடுங்கள். சில நேரங்களில் பேரிங்கை இறுக்கும் நட்டைத் திருகிவிட்டு ஆட்டத்தை மறைத்திருப்பார்கள். அப்படி அளவுக்கு மீறி இறுக்கிய ஹெட்ஸ்டாக், உச்ச வேகத்தில் அரை மணி நேரம் ஓடியதும் சூடு காட்டிக்கொடுத்துவிடும். முன்பக்கப் பேரிங் இருக்கும் இடத்தில் கையை வைத்து, பத்து எண்ணும் வரை எடுக்காமல் இருக்க முடிகிறதா என்று பாருங்கள்.

ஓடும்போது எல்லா வேகங்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேளுங்கள். கியர் சத்தம் சீரான இரைச்சலாக இருந்தால் பயமில்லை. ஒரு சுற்றுக்கு ஒரு முறை 'டொக்' என்று தட்டினால் எங்கோ ஒரு பல் உடைந்திருக்கிறது. பிறகு இயந்திரத்தை நிறுத்தி, ஹெட்ஸ்டாக் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பல்லில் வெல்டிங் தடம் உண்டா, எண்ணெயில் மஞ்சள் துகள் மினுங்குகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். மூடியைத் திறக்க வியாபாரி தயங்கினால் அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கும்.

இன்னொன்று, பெயிண்டைப் பற்றி. பச்சை பெயிண்ட் அடித்த இயந்திரத்தில் வார்ப்பின் மேல் பட்டி பூசியிருப்பார்கள். பெட்டின் கால் பகுதி, கேப் பீஸ் (பெட்டில் கழற்றக்கூடிய துண்டு) அமரும் மூலைகள், காம்பவுண்டு ஸ்லைடில் டூல் போஸ்ட் இறுகும் இடம், சேடிலின் (டூலைத் தாங்கிப் பெட்டின் மேல் நகரும் பகுதி) இரு சிறகுகள் ஆகிய இடங்களில் நகத்தால் கீறிப் பாருங்கள். விரிசலையோ ஒட்டு வெல்டிங்கையோ அங்கேதான் மறைப்பார்கள்.

மில் மெயின்டனன்ஸ் (மறுமொழி)

குறிச்சி டர்னர் அண்ணன் ஸ்பிண்டிலைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் பெட்டை இரண்டாம் இடத்துக்குத் தள்ளுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்பிண்டில் பேரிங் கடையில் கிடைக்கும், கழற்றி மாற்றலாம். பெட்டைக் கடையில் வாங்க முடியாது. தேய்ந்த பெட்டை ஸ்லைட்வே கிரைண்டிங்குக்குக் கொடுத்து எடுத்தால் சேடில் அந்த அளவுக்குக் கீழே இறங்கிவிடும். ஏப்ரனுக்குள் (சேடிலின் முன்பக்கப் பெட்டி) போகும் லீட் ஸ்க்ரூவும் (மரை வெட்டச் சேடிலை நகர்த்தும் திருகுத் தண்டு) ஃபீடு ராடும் நேர்கோட்டில் வராமல் முறுகும், ரேக்கும் பினியனும் பொருந்தாது. அதைச் சரிக்கட்ட சேடிலுக்கு அடியில் டர்சைட் (வழுக்கும் பிளாஸ்டிக்) பட்டை ஒட்டிச் சுரண்டி உயர்த்த வேண்டும். டெயில்ஸ்டாக்கையும் (வேலைப்பொருளின் மறு முனையைத் தாங்கும் பகுதி) அதற்கேற்பத் தூக்க வேண்டும். இந்த வேலைகளை ஒழுங்காகச் செய்து முடிக்க ஆகும் செலவில் இன்னொரு பழைய லேத்தே வாங்கிவிடலாம்.

ரீகண்டிஷன் என்று சொல்பவரிடம் இந்த வேலைகளில் எவை நடந்தன என்று கேளுங்கள். பெட்டில் போட்டிருக்கும் பிறைத் தடம் எதற்கும் சான்று அல்ல. உண்மையான சுரண்டல், மேட்டைக் கண்டறிந்து நீல மை தடவி ஒவ்வொரு புள்ளியாக எடுப்பது. பிறைத் தடம் அலங்காரத்துக்கும் எண்ணெய் தங்குவதற்கும் போடுவது; தேய்ந்த பெட்டின் மேலேயே கையடக்கக் கருவியால் ஒரு மணி நேரத்தில் போட்டுவிடலாம். பெட் தேய்ந்து, தேயாத பகுதிக்கும் தேய்ந்த பகுதிக்கும் இடையே ஒரு விளிம்பு உண்டாகியிருக்கும். சக் அருகே, வி வடிவ வழியின் அடிப்பகுதியில் நகத்தை மேலிருந்து கீழாக இழுங்கள். நகம் தடுக்கினால் அதுதான் தேய்மானத்தின் ஆழம். டெயில்ஸ்டாக் பக்கத்துக் கடைசிப் பகுதியில் சேடில் போவதே இல்லை. அங்கே தொழிற்சாலைக் கிரைண்டிங் கோடுகள் இன்னும் தெரியும். அதையும் சக் பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கருவியில்லாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சேடிலைச் சக் அருகே கொண்டுபோய், பின்பக்கத்து ஜிப் பட்டையை (சேடிலைப் பெட்டோடு பிடித்து வைப்பது) சிறிது உரசும் அளவுக்கு இறுக்குங்கள். பிறகு கைச்சக்கரத்தைச் சுற்றி டெயில்ஸ்டாக் பக்கம் கொண்டு செல்லுங்கள். போகப் போக இறுகி, ஒரு கட்டத்தில் நின்றுவிட்டால் சக் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பொருள். இன்னும் துல்லியமாகப் பார்க்க, டயல் ஸ்டாண்டைச் சேடில் மேல் வைத்து, முள்ளை டெயில்ஸ்டாக்கின் தட்டை வழியில் தொட வையுங்கள். டெயில்ஸ்டாக் அதிகம் நகர்வதில்லை என்பதால் அந்த வழி தேயாமல் இருக்கும். சேடிலை நகர்த்தினால் அது எவ்வளவு இறங்குகிறது என்று முள் சொல்லிவிடும்.

அந்த அளவைக் கண்டு உடனே அஞ்சிவிடவும் கூடாது. 30 மி.மீ. ஷாஃப்டைக் கடையும்போது டூல் முனை செங்குத்தாக 0.1 மி.மீ. இறங்கினால், விட்டத்தில் அது ஏற்படுத்தும் வேறுபாடு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதே டூல் முனை கிடைமட்டமாக 0.1 விலகினால் விட்டத்தில் 0.2 கூடிவிடும். வி வழி சரிவாக இருப்பதால், தேயும்போது சேடில் கீழேயும் இறங்கும், வெளியேயும் விலகும். அந்த விலகல்தான் வேலையைக் கெடுப்பது. எனவே டயலில் தெரியும் இறக்கத்தை வைத்து முடிவெடுக்காமல், கடைந்து பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கடைந்து பார்க்கும் முறை இது. 50 மி.மீ. ராடைச் சக்கில் பிடித்து, 200 மி.மீ. வெளியே விட்டு, டெயில்ஸ்டாக் தாங்கல் கொடுக்காமல், சக் அருகே ஒன்று, நடுவில் ஒன்று, முனையில் ஒன்று என்று மூன்று வளையங்களை மட்டும் மேடாக விட்டு இடையில் உள்ள பகுதியைக் குறைத்துவிடுங்கள். பிறகு மெல்லிய கட் ஒன்றை ஒரே ஓட்டமாக, கிராஸ் ஸ்லைடை (டூலைக் குறுக்கே நகர்த்தும் பகுதி) தொடாமல் மூன்று வளையங்களின் மேலும் ஓட்டி, மைக்ரோமீட்டரால் அளந்து எழுதுங்கள். இரண்டு வளையம் போதாது, மூன்று வேண்டும். மூன்று அளவும் ஒரே சீராக ஏறினாலோ இறங்கினாலோ, குடோன் தரையில் கோணலாக நிற்பதால் பெட் முறுகியிருக்கலாம், அல்லது ஹெட்ஸ்டாக் சற்றே திரும்பியிருக்கலாம். இரண்டையும் திருத்திக்கொள்ளலாம். நடு வளையம் மட்டும் வரிசையை மீறி நின்றால் அது தேய்மானம், லெவல் வைத்து அதைத் திருத்த முடியாது.

எந்த அளவை நல்லது என்று ஏற்பது என்ற கேள்விக்கும் பதில் உண்டு. இயந்திரங்களை இப்படி அளந்து ஏற்கும் முறையை பெர்லின் பேராசிரியர் ஷ்லெசிங்கர் 1927-இல் வகுத்து வெளியிட்டார். இன்றைக்கு லேத்துக்கு ஐ.எஸ்.ஓ. 1708 தரம் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் அளவுள்ள லேத் புதிதாக வரும்போது, 300 மி.மீ. நீளத்தில் விட்ட வேறுபாடு 0.04-க்குள் இருக்க வேண்டும், பெரிய விட்டம் ஹெட்ஸ்டாக் பக்கம்தான் வர வேண்டும் என்பது அதன் விதி. டெயில்ஸ்டாக் மையம் ஹெட்ஸ்டாக் மையத்தைவிட 0.04 வரை உயரமாக இருக்கலாம், தாழ்வாக இருக்கக் கூடாது. பழைய இயந்திரத்திடம் இதில் இரண்டு மடங்கு வரை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம் இருக்காது.

இயந்திரம் எங்கே வாழ்ந்தது என்பதையும் விசாரியுங்கள். வார்ப்பிரும்புக் காஸ்டிங்குகளை இரண்டு ஷிப்டு கடைந்த ஜாப் பட்டறை லேத்தில் மணலும் கரித்தூளும் சேர்ந்து சக் பக்கம் முதல் ஒன்றரை அடியை அரைத்துவிட்டிருக்கும். டூல் போஸ்ட் கிரைண்டர் வைத்து ஓட்டிய இயந்திரம் அதைவிட மோசம். பயிற்சி நிலையத்தில் இருந்ததில் பெட் நன்றாக இருக்கும். ஆனால் சேடிலைச் சக்கில் மோதியும், ஓட்டத்தில் கியர் மாற்றியும், பற்களும் ஹாஃப் நட்டும் (லீட் ஸ்க்ரூவைக் கவ்வும் பிளவு நட்) அடிவாங்கியிருக்கும். நூற்பாலை மெயின்டனன்ஸ் பட்டறை லேத் பகல் ஷிப்டில் அவ்வப்போது ஒரு ரோலர், ஒரு ஷாஃப்ட் என்று ஓடியிருக்கும். நான் பணியாற்றிய ஆலையில் லேத் ஓடிய நேரத்தைவிட நின்ற நேரமே அதிகம். அசையாத நெம்புகோல், நெடுநாள் நின்றதால் எண்ணெய் காய்ந்து ஷிஃப்டர் ஃபோர்க் பிடித்துக்கொண்டதாக இருக்கலாம். மூடியைத் திறந்து, மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, மெதுவாக அசைத்துப் பாருங்கள். சுத்தியலால் தட்டாதீர்கள்.

மரை வெட்டுபவன் (மறுமொழி)

மேலே இருவரும் தொடாத செய்திகள் மட்டும்.

லீட் ஸ்க்ரூ மெட்ரிக்கா, அங்குலத்துக்கு 4 மரை கொண்டதா என்று பார்த்துவிடுங்கள். பழைய லேத்துகள் பலவற்றில் அங்குல லீட் ஸ்க்ரூதான் இருக்கும். அதில் சரியான மெட்ரிக் மரை வெட்ட 127 பல் கொண்ட சேஞ்ச் கியர் (மரை அளவுக்கேற்ப மாற்றிப் போடும் கியர்) வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ., அதை ஐந்தால் பெருக்கினால் 127, அதனால்தான் அந்த எண். தொகுப்பில் அந்தக் கியர் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். முதல் இயந்திரத்தில் கியர்த் தொகுப்பே இல்லாமல் இருக்கவும் வாய்ப்புண்டு. பெயர்த் தகடு இல்லாத இயந்திரத்துக்குப் பின்னாளில் கியர் வெட்டிச் சேர்ப்பதும் சிரமம், ஏனென்றால் மாட்யூல் (பல்லின் அளவு) என்ன என்று முதலில் அளந்து கண்டுபிடிக்க வேண்டும்.

ஸ்டெடி ரெஸ்ட் (நீள ஷாஃப்டை இடையில் தாங்கும் பிடி) இல்லாமல் ஷாஃப்ட் வேலைக்கு லேத் வாங்க வேண்டாம். நீளமான ஷாஃப்டின் முனையில் சென்டர் போடவும் முகம் கடையவும் அது இல்லாமல் முடியாது. ஒவ்வொரு லேத்தின் பெட்டுக்கும் சென்டர் உயரத்துக்கும் ஏற்ற ஸ்டெடி தனித்தனி. என்.எச். 22 என்றால் 220 மி.மீ. சென்டர் உயரம், அதற்கான ஸ்டெடியைப் பின்னால் தேடி அலைவது வீண் உழைப்பு. டாக் சக் (ஒவ்வொரு தாடையும் தனித்தனியாக நகரும் சக்), ஃபேஸ் பிளேட், டிரைவிங் பிளேட் ஆகியவையும் பேரத்தோடு வர வேண்டும். வெல்டிங் ஏற்றிய ஷாஃப்டை ட்ரூ சக்கை நம்பிக் கடைந்தால் இரண்டு முனை பேரிங்குகளும் ஒரே மையத்தில் அமையாது. சென்டருக்கு இடையில் பிடித்தோ, டாக் சக்கில் டயல் வைத்துத் திருத்தியோதான் கடைய வேண்டும்.

கிராஸ் ஸ்லைடில் கைப்பிடி அரைச் சுற்று வெறுமனே சுற்றுகிறது என்பதற்காக நல்ல இயந்திரத்தை விட்டுவிடாதீர்கள். எப்போதும் ஒரே பக்கமாகத் திருகி அளவுக்கு வருபவருக்கு அதனால் தொந்தரவில்லை, கன்மெட்டலில் புதிய நட் செய்து போட்டால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஹாஃப் நட்டும் அப்படித்தான்.

மோட்டார் 3 எச்.பி. அல்லது அதற்கு மேல் இருந்தால் 3 ஃபேஸ் இணைப்பு இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். சிங்கிள் ஃபேஸில் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) வைத்து ஓட்டலாம் என்று யாராவது சொல்லக்கூடும். நம் நாட்டு 3 எச்.பி. மோட்டார்கள் பொதுவாக 415 வோல்ட்டுக்கு டெல்டாவில் இணைத்தவை. 230 வோல்ட் வி.எஃப்.டி. அவற்றுக்கு முழு வலுவைக் கொடுக்காது.

பொள்ளாச்சி பம்பு பட்டறை (கேட்டவர்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னவற்றைத் தாளில் எழுதிக் கொண்டுபோய், இரண்டு இயந்திரங்களையும் ஓட்டிப் பார்த்தேன். குறித்து வந்த அளவுகளை அப்படியே தருகிறேன்.

பச்சை பெயிண்ட் லேத்: ஸ்பிண்டில் மூக்கில் ரன்அவுட் 0.02, ராடை வைத்துத் தூக்கியபோது 0.06 அசைவு. உச்ச வேகத்தில் ஓடியபோது முன்பக்கப் பேரிங்கில் கை வைக்க முடியவில்லை. சக் அருகே வி வழியில் நகம் தடுக்கியது. மூன்று வளைய அளவு: சக் பக்கம் 49.03, நடுவில் 49.06, முனையில் 49.02. காம்பவுண்டு ஸ்லைடின் ஒரு மூலையில் பட்டியைக் கீறியபோது பிராஸ் வெல்டிங் நிறம் தெரிந்தது. ஸ்டெடி ரெஸ்ட் இல்லை, சேஞ்ச் கியர்கள் மூன்றுதான் இருந்தன.

எச்.எம்.டி.: ரன்அவுட் 0.01-க்குள், தூக்கியபோதும் 0.01-தான். அரை மணி நேரம் ஓடியும் ஹெட்ஸ்டாக் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. மூன்று வளையம்: சக் பக்கம் 49.04, நடுவில் 49.03, முனையில் 49.02. சேடில் சோதனையில் கடைசிப் பகுதியில் சிறிது இறுகியது, நிற்கவில்லை. டெயில்ஸ்டாக் மையம் 0.08 தாழ்ந்திருக்கிறது. கிராஸ் ஸ்லைடில் 0.6 பேக்லாஷ் (கைப்பிடியின் வெறும் ஆட்டம்). பிடித்திருந்த நெம்புகோல் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்ததும் விடுபட்டுவிட்டது, பற்கள் எல்லாம் முழுதாக இருக்கின்றன. ஸ்டெடியும் இரண்டு சக்கும் உண்டு, டிரைவிங் பிளேட் மட்டும் இல்லை. இயந்திரம் மரக்கட்டைகளின் மேல் நிற்கிறது. இதை வாங்கலாமா, டெயில்ஸ்டாக் தாழ்வு பெரிய குறையா என்று சொல்லுங்கள்.

மில் மெயின்டனன்ஸ் (மறுமொழி)

தயங்காமல் எச்.எம்.டி.யை வாங்குங்கள். அதன் மூன்று அளவுகளும் ஒரே சீராக 0.01, 0.01 என்று இறங்குகின்றன, பெரிய விட்டம் சக் பக்கமே வந்திருக்கிறது. மரக்கட்டை மேல் கோணலாக நிற்கும் இயந்திரம் இந்த அளவு காட்டுவதே நல்ல அறிகுறி. 220 மி.மீ. சென்டர் உயரமுள்ள லேத்தில், கடைந்த 200 மி.மீ. நீளத்துக்குள் பெட் குறுக்குவாட்டில் 300 மி.மீ. அகலத்துக்கு வெறும் 0.03 சாய்ந்தாலே டூல் முனை 0.022 நகரும், விட்டத்தில் 0.044 வேறுபடும். உங்களுக்குக் கிடைத்த 0.02 அந்தச் சாய்விலேயே அடங்கிவிடக்கூடியது. முதல் இயந்திரத்தில் நடு வளையம் மட்டும் துருத்தி நிற்கிறது. ஆட்டமும் சூடும் சேர்ந்தே இருப்பதால் அதில் பேரிங்கோடு பேரிங் அமரும் துளையும் கெட்டிருக்கக் கூடும். பெட்டும் போய் ஸ்பிண்டிலும் போன இயந்திரத்துக்கு இரும்புக் கடை எடைவிலைதான் மதிப்பு.

டெயில்ஸ்டாக் தாழ்வு கவலைப்பட வேண்டிய குறை அல்ல. அடித்தட்டுக்கும் மேல் உடலுக்கும் இடையில் 0.1 மி.மீ. ஷிம் வைத்தால் 0.02 உயரமாக வரும். அது தரம் அனுமதிக்கும் பக்கம்தான். ஷிம்மைத் துண்டு துண்டாக வைக்காமல் அடித்தட்டின் முழுப் பரப்புக்கும் வெட்டி வையுங்கள்.

பணம் கொடுக்கும் முன், ஆலையின் மேல் வங்கிக் கடன் ஏதேனும் இருந்து இந்த இயந்திரம் ஈடாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மூடிய ஆலைகளின் இயந்திரங்களில் இந்தச் சிக்கல் உண்டு. ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் ஏற்ற வேண்டாம்.

குறிச்சி டர்னர் (மறுமொழி)

எனக்கும் அதே கருத்துதான் தம்பி. ஏற்றும்போது நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். கிரேன் கயிறு லீட் ஸ்க்ரூவிலோ ஃபீடு ராடிலோ பட்டால் ஒரே தூக்கில் அவை வளைந்துவிடும். பெட்டின் உள் விலாக்களுக்கு அடியில் கட்டை கொடுத்து, கயிற்றுக்கும் ராடுக்கும் இடையில் மரத்துண்டு வைத்துத் தூக்கச் சொல்லுங்கள். ஹெட்ஸ்டாக் பக்கம் கனம் அதிகம் என்பதால் சேடிலையும் டெயில்ஸ்டாக்கையும் மறு முனைக்கு நகர்த்திப் பூட்டிவிட்டால் சமநிலை கிடைக்கும். லாரியில் பெட்டுக்குத் தார்ப்பாய் போட்டுக் கிரீஸ் தடவிவிடுங்கள்.

பட்டறைக்கு வந்ததும் பழைய எண்ணெயை முழுவதும் வடித்து, ஹெட்ஸ்டாக்கை மண்ணெண்ணெயால் கழுவிய பிறகே புதிய எண்ணெய் ஊற்றுங்கள். பஞ்சுத் தூசி எண்ணெய்க் குழாய்களை அடைத்திருக்கும். ஒவ்வொரு குழாயையும் ஊதிப் பார்க்க வேண்டும், குறிப்பாக முன்பக்கப் பேரிங்குக்குப் போகும் குழாயை. இயந்திரத்துக்காகப் போடும் கான்கிரீட் தளம் நன்றாக இறுகிய பின் இயந்திரத்தை ஏற்றி, ஒரு மீட்டருக்கு 0.02 காட்டும் ஸ்பிரிட் லெவலைச் சேடில் மேல் குறுக்காக வைத்து, சக் பக்கமும் மறு பக்கமும் ஒரே அளவு காட்டும்வரை கால் போல்ட்டுகளைத் திருத்துங்கள். லெவல் வாங்க வேண்டியதில்லை, கோவையில் இயந்திரம் நிறுவித் தருபவர்கள் கொண்டுவருவார்கள். பிறகு அதே மூன்று வளைய ராடை மறுபடி கடைந்து அளவெடுங்கள். புதுத் தளம் சில வாரம் ஓடியதும் சற்று அமரும் என்பதால், ஒரு மாதம் கழித்து மீண்டும் ஒரு முறை அளந்து, தேவையென்றால் போல்ட்டைத் திருத்திய பிறகே டெயில்ஸ்டாக்குக்கு ஷிம் வெட்டுங்கள். டிரைவிங் பிளேட் என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது. ஸ்பிண்டில் மூக்கின் அளவை எழுதுங்கள், பொருந்தினால் வந்து எடுத்துக்கொள்ளலாம்.